ஆரம்பகால விநோத விமானங்கள்: அந்த வடிவங்களுக்குக் காரணம் ஏதாவது உண்டா?

கேள்வி – 5 ஜனவரி, காலை 11.20

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய கறுப்பு வெள்ளை வீடியோ ஒன்று சுற்றுகிறது. ஏழெட்டு இறக்கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வண்டி. உள்ளே ஒருவர் சைக்கிள் மிதிக்கிறார். கொஞ்சம் நகர்ந்ததும் மொத்தமும் பொலபொலவென்று சரிந்துவிடுகிறது. ரைட் சகோதரர்கள் வருவதற்கு முன்னால் விமானம் என்ற பெயரில் பணக்காரக் கிறுக்கர்கள் அடித்த கூத்துதான் இதெல்லாம் என்பது என் கருத்து. இந்த வடிவங்களில் ஒன்றுக்காவது உருப்படியான பொறியியல் காரணம் இருந்திருக்குமா? இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

5 ஜனவரி, பிற்பகல் 2.05

அந்த வீடியோ ரைட் சகோதரர்களுக்கு முந்தியதே கிடையாது. இருபது வருஷம் பிந்தியது. 1923இல் எடுத்தது. எடுத்த ஊர் அமெரிக்காவின் டேட்டன், அதாவது ரைட் சகோதரர்களின் சொந்த ஊர். ஆர்வில் ரைட் அப்போது உயிரோடு அதே ஊரில்தான் இருந்தார்.

வண்டியின் பெயர் கெர்ஹார்ட் சைக்கிள்பிளேன். செய்தவர் ஃபிரெடரிக் கெர்ஹார்ட். மெக்குக் ஃபீல்டில் விமானப் பொறியாளர். அமெரிக்க ராணுவம் புது விமானங்களைச் சோதித்துப் பார்த்த இடம் அது. ஆக, 'பொறியியல் தெரியாத பணக்காரர்' வகையில் இவர் வரமாட்டார். ஏழு இறக்கை, கிட்டத்தட்ட 15 அடி உயரம். காரில் கட்டி இழுத்துக் கிளப்பியபோது அது ஒழுங்காகவே மிதந்தது. காலால் மிதித்துக் கிளப்பியதில் 2 அடி எழும்பி 20 அடி போனது. அவ்வளவுதான். நீங்கள் பார்த்தது சட்டம் உடைந்து இறக்கைகள் சரிந்த சோதனை.

மனிதனால் தொடர்ந்து மிதித்துத் தர முடிவது கால் குதிரைத்திறன், ரொம்ப வலுவான ஆளாக இருந்தால் இன்னும் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு ஆளைத் தூக்கவேண்டுமானால் மெதுவாகப் போகும் பெரிய இறக்கை வேண்டும். ஒரே இறக்கையாக நீட்டினால் மரமும் துணியும் தாங்காது, அதனால் துண்டு போட்டு அடுக்கினார். 1977இல் கலிபோர்னியாவில் மெக்ரெடி குழு செய்த காஸமர் காண்டர்தான் மனித பலத்தில் எட்டு வடிவப் பாதை சுற்றிப் பரிசு வாங்கியது. அதற்கு ஒரே இறக்கை, 96 அடி. மெல்லிய அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் படலம், பியானோ கம்பி. கெர்ஹார்டுக்கு இவை கிடைத்திருந்தால் அவரும் அடுக்கியிருக்க மாட்டார்.

5 ஜனவரி, இரவு 10.40

அடுக்கு இறக்கை என்றதும் ஹொரேஷியோ பிலிப்ஸ் நினைவுக்கு வந்துவிட்டார். அவரைச் சொல்லாமல் தூக்கம் வராது. இந்த இழையில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இவரைப் படியுங்கள்.

இங்கிலாந்துக்காரர். 1880களில் மரப்பெட்டி மாதிரி ஒரு காற்றுச்சுரங்கம் செய்தார். மின்விசிறி வைத்துக் காற்றை ஊதினால் சுழலும், அலையும், அளவு எடுக்க முடியாது. பிலிப்ஸ் நீராவியைப் பீய்ச்சி, அதன் இழுப்பில் காற்றைப் பெட்டிக்குள் உறிஞ்ச வைத்தார். காற்று சீராக வந்தது. அதில் வெவ்வேறு வளைவுள்ள தகடுகளை மாட்டி, எது எவ்வளவு தூக்குகிறது என்று அளந்தார். மேல்பக்கம் நன்றாக வளைந்து, கீழ்பக்கம் கொஞ்சமாக வளைந்த இறக்கை தட்டைப் பலகையைவிட மிக அதிகமாகத் தூக்குகிறது என்று கண்டு, 1884இல் காப்புரிமை வாங்கினார். தூக்குவிசையில் பெரும்பங்கு மேல்பக்கத்து அழுத்தக் குறைவால் வருகிறது என்பதையும் சொன்னார். இன்றைக்கு நீங்கள் ஏறும் எந்த விமானத்தின் இறக்கையும் அந்தக் குடும்பம்தான்.

அப்புறம் அவருக்குத் தெரிந்த இன்னொரு உண்மை: இறக்கை நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால் இழுவை (காற்று பின்னுக்கு இழுப்பது) குறையும். இதுவும் சரி. சிக்கல் என்னவென்றால் மனிதர் அந்த உண்மையைக் கடைசிவரை துரத்திக்கொண்டு போனார். 1893இல் ஹாரோவில் அவர் கட்டிய வண்டியில் சுமார் 50 இறக்கைகள். ஒவ்வொன்றும் 22 அடி நீளம், ஒன்றரை அங்குல அகலம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அலுவலக ஜன்னலில் தொங்கும் பிளைண்ட் போலவே இருக்கும், அந்தக் காலத்துப் பத்திரிகைகளும் அதையே சொல்லிச் சிரித்தன. நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள், 176 வரும். இன்றைய பயணிகள் விமானத்துக்கு இந்த எண் 10ஐ ஒட்டித்தான்.

ஆள் ஏறவில்லை. நடுவில் கம்பம் நட்டு, அதோடு கட்டி, வட்டமான மரத் தடத்தில் நீராவி எஞ்சினால் ஓடவிட்டார். பின்சக்கரங்கள் தரையைவிட்டு எழுந்தன. தூக்குகிறதா என்பதுதான் கேள்வி, தூக்கியது. இவ்வளவு குறுகலான பட்டைகளை இவ்வளவு நெருக்கமாக வைத்தால் ஒன்றின் காற்று அடுத்ததைக் கெடுக்கும். தவிர, ஒன்றரை அங்குல இறக்கைமேல் போகும் காற்றும் ஐந்தடி இறக்கைமேல் போகும் காற்றும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அளவு சுருங்கச் சுருங்கக் காற்றின் பிசுபிசுப்பு முன்னுக்கு வந்துவிடும். அந்தக் கணக்கு இவர் காலத்து விமானக்காரர்களின் கைக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

மனிதர் விடவில்லை. 1904இல் 20 இறக்கை வைத்து ஒன்று, சரிப்படவில்லை. 1907இல் ஒன்றன்பின் ஒன்றாக நாலு சட்டம், மொத்தம் 200 பட்டை. அதில் தானே ஏறி சுமார் 500 அடி பறந்தார். பிரிட்டனில் எஞ்சின் வைத்து மனிதன் தாவிய முதல் சில தாவல்களில் அது ஒன்று. ஆனால் அதற்கு முந்தின வருஷமே பாரிஸில் சான்டோஸ்-டுமான்ட் என்பவர் எஞ்சின் விமானத்தில் ஊரறியப் பறந்துவிட்டார். பிலிப்ஸ் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கிறுக்கு என்று சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. அளந்து பார்த்த கிறுக்கு.

6 ஜனவரி, காலை 7.15

மேலே ஒருவர் புஷ்பக விமானத்தை இழுத்து வந்திருக்கிறார். இன்னொருவர் அதற்குப் பதில் சொல்ல, அது இப்போது பதினைந்து பதிவு ஓடிவிட்டது. தனி இழை திறந்து சண்டை போடுங்கள் ஐயா. இங்கே போட்டோவும் தேதியும் உடைந்த பாகமும் இருக்கிற வண்டிகளை மட்டும் பேசுவோம்.

6 ஜனவரி, இரவு 9.30

"சரி, பிலிப்ஸ் அளந்தார். ஆனால் பணத்தைக் கொட்டிய கிறுக்கர் ஒருவர்கூட இல்லையா?" என்று கேள்வி கேட்டவர் மறுபடியும் வந்திருக்கிறார். இருந்தார். ஹைரம் மாக்சிம்.

மாக்சிம் துப்பாக்கி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தானாகத் தோட்டா ஏற்றிக்கொண்டு சுடும் இயந்திரத் துப்பாக்கி. அதைக் கண்டுபிடித்துப் பணம் குவித்த ஆசாமி. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். கென்ட் பகுதியில் பால்ட்வின்ஸ் பார்க் என்ற பண்ணையை எடுத்து, 1,800 அடிக்குத் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஒரு ராட்சச வண்டியை நிறுத்தினார். இறக்கை 104 அடி. ஆட்களோடு மொத்த எடை சுமார் மூன்றரை டன். 180 குதிரைத்திறன் நீராவி எஞ்சின் இரண்டு. புரொப்பெல்லர் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 18 அடி. செலவு 20,000 பவுண்டுக்கு மேல்.

வேடிக்கை பார்க்கிற அளவில் நிறுத்திவிட்டால் இது பணக்காரர் கூத்துதான். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. வண்டி ஓடும் தண்டவாளம் கீழே. அதற்கு வெளிப்பக்கம், சுமார் 2 அடி உயரத்தில், மரத்தால் இன்னொரு தண்டவாளம். வண்டியிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரங்கள் அந்த மரத்துக்கு அடியில் இருக்கும். வண்டி மேலே எழும்பினால் இந்தச் சக்கரங்கள் மரத்தின் அடிப்பக்கத்தில் போய் முட்டி உருளும். அதாவது வண்டி பறக்கலாம், 2 அடிக்கு மேல் பறக்க முடியாது. இவ்வளவு பெரிய வண்டியை ஓட்ட உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, தூக்குமா என்பதை மட்டும் இப்போது பார்ப்போம் என்று திட்டமிட்டே செய்தது. நம் ஊரில் கார் ஓட்டப் பழகக் கொடுக்கிறபோதுகூட இவ்வளவு முன்யோசனை கிடையாது.

1894 ஜூலை 31. அன்றைக்கு மூன்றாவது ஓட்டம். மாக்சிமோடு இன்னும் இரண்டு பேர். நீராவியை முழுதாகத் திறந்து, மணிக்கு 42 மைல் வேகம் வந்தபோது வண்டி முழுசாகக் கீழ்த் தண்டவாளத்தைவிட்டு எழுந்து, மேல் மரத்தில் முட்டிக்கொண்டு உருண்டது. தூக்குவிசை அவர் கணக்குப் போட்டதைவிட அதிகம். பக்கச் சக்கரத்தின் அச்சு வளைந்து ஒடிந்தது, மரத் தடுப்பு பிய்ந்தது, ஒரு பலகை புரொப்பெல்லரில் மாட்டியது. மாக்சிம் நீராவியை நிறுத்தினார். வண்டி உடைந்தது, மூவரும் பிழைத்தார்கள்.

எஞ்சின்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 180 குதிரைத்திறன் தரும் நீராவி எஞ்சினை 150 கிலோவுக்குள் முடித்திருந்தார் (கொதிகலன் தனி). 1894இல்!

12 ஜனவரி, மாலை 6.50

"360 குதிரைத்திறன் இருந்தும் ஏன் நிஜமாகப் பறக்கவில்லை?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். மூன்று எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மாக்சிம், 1894: 360.
லாங்லி, 1903: 52.
ரைட், 1903: 12.

லாங்லி ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர். 1896 மே 6 அன்று அவருடைய ஆளில்லாத நீராவி மாதிரி விமானம் பொட்டோமாக் ஆற்றின்மேல் 3,000 அடிக்கு மேல் போனது. அதைப் பார்த்து அமெரிக்க ராணுவம் 50,000 டாலர் தந்தது. அவருடைய உதவியாளர் சார்லஸ் மான்லி நட்சத்திர வடிவில் ஐந்து சிலிண்டர் வைத்து ஒரு பெட்ரோல் எஞ்சினை உருவாக்கினார். அந்தக் காலத்துக்கு அற்புதமான எஞ்சின். படகு வீட்டின் கூரையில் கவண் மாதிரி ஒரு விசை வைத்து விமானத்தை எறிந்தார்கள். 1903 அக்டோபர் 7 அன்று ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 8 அன்று மறுபடியும் விழுந்தது. இரண்டு தடவையும் உள்ளே இருந்தவர் மான்லி, இரண்டு தடவையும் நனைந்ததோடு சரி. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17, கிட்டி ஹாக்கில் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள்.

ரைட் சகோதரர்களின் எஞ்சினை அவர்கள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் செய்தார். சாதாரண எஞ்சின். ஆனால் அவர்கள் அதற்கு முன்பு மூன்று வருஷமாக எஞ்சினே இல்லாத கிளைடரில் ஏறி, சாய்ந்தால் நிமிர்த்துவது எப்படி, திரும்புவது எப்படி என்று பழகியிருந்தார்கள். இறக்கை நுனியை முறுக்கி ஒரு பக்கம் தூக்குவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். மாக்சிமின் வண்டியைக் காற்று ஒரு பக்கம் சாய்த்திருந்தால் அதை நிமிர்த்த அவர் கையில் ஒன்றும் இருந்திருக்காது. 1890இலேயே பிரான்சில் க்ளெமென்ட் ஆடெர் வௌவால் இறக்கை வைத்த நீராவி விமானத்தில் 50 மீட்டர் போனார். உயரம் 20 சென்டிமீட்டர். அவருக்கும் இதே குறைதான்.

இன்னொன்று. விநோத வடிவம் என்றால் 1903 ரைட் விமானத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வால் முன்னால் இருக்கிறது. சக்கரம் கிடையாது. ஓட்டுபவர் குப்புறப் படுத்து இடுப்பை ஆட்டி ஓட்டுகிறார். ஜெயித்ததால் நமக்கு அது பழகிவிட்டது.

14 ஜனவரி, பிற்பகல் 3.30

பொங்கல் வாழ்த்தெல்லாம் வேறு இழையில் சொல்லியாயிற்று. இன்றைக்குப் பட்டம்.

தொலைபேசி கண்டுபிடித்த கிரஹாம் பெல்லுக்கு விமானப் பைத்தியம் உண்டு. அப்போது சைமன் நியூகம் என்ற பெரிய வானியலாளர் ஒரு வாதம் வைத்தார்: ஒரு பறக்கும் வண்டியை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு ஆக்கினால் இறக்கைப் பரப்பு நாலு மடங்கு ஆகும், எடை எட்டு மடங்கு ஆகும். ஆகவே ஆள் ஏறும் அளவுக்குப் பெரிதாக்கினால் எடை ஜெயித்துவிடும், பறக்காது. கேட்டால் மறுக்க முடியாத மாதிரி இருக்கிறது இல்லையா? பெல்லின் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரிதாக்காதே, சின்னதையே சேர்த்துக்கொண்டு போ. நாலு முக்கோணப் பக்கம் உள்ள சின்னக் கூண்டு ஒன்று, அதில் இரண்டு பக்கத்துக்கு மட்டும் பட்டுத்துணி. அதே கூண்டை ஆயிரக்கணக்கில் ஒட்டினால் எடையும் பரப்பும் ஒரே விகிதத்தில் கூடும்.

1907 டிசம்பர் 6, கனடாவின் பெடெக் ஊரில் உள்ள ஏரி. சிக்னெட் என்ற பட்டம். 3,393 கூண்டு. நடுவில் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி படுத்திருக்க, நீராவிப் படகு இழுத்தது. 168 அடி உயரம், 7 நிமிஷம். காற்று தணிந்தபோது பட்டம் மெதுவாகத் தண்ணீரில் இறங்கியது. உள்ளே இருந்தவருக்கு இறங்கியது சட்டென்று தெரியவில்லை, கயிறும் நேரத்தில் அவிழவில்லை. படகு இழுத்துக்கொண்டே போய்ப் பட்டத்தைச் சுக்குநூறாக்கியது. செல்ஃப்ரிட்ஜ் பிழைத்தார். ஆனால் அடுத்த வருஷம் செப்டம்பர் 17 அன்று ஆர்வில் ரைட்டோடு பறந்தபோது புரொப்பெல்லர் உடைந்து விழுந்ததில் இறந்தார். எஞ்சின் விமான விபத்தில் செத்த முதல் மனிதர் அவர்.

அக்காள் மகனின் பள்ளிப் புராஜெக்டுக்காக இந்தக் கூண்டுப் பட்டத்தைச் செய்து பார்த்திருக்கிறேன். ஜூஸ் கடை ஸ்ட்ரா, உள்ளே நூல் கோத்து முக்கோணம், மேலே பூக்கட்டுக்குச் சுற்றும் மெல்லிய காகிதம். நாலு கூண்டு சேர்த்தால் ஒரு பட்டம். ஒட்டுவதெல்லாம் சுலபம். சூத்திரம் (பட்டத்தில் நூலைக் கட்டும் முடிச்சு) போடுவதில்தான் உயிர் போகும். நம் சாதாரணக் காத்தாடிக்குப் போடுகிற இடத்தில் போட்டால் இது மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு விழுகிறது. முன்விளிம்பில், மேல் கூண்டுக்கும் கீழ்க் கூண்டுக்கும் நடுவே முடிச்சை விரல் அகலம் நகர்த்தி நகர்த்தித்தான் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் அசையாது. எலியட்ஸ் கடற்கரையில் நூலை மணலில் நட்ட குச்சியில் கட்டிவிட்டுச் சுண்டல் வாங்கப் போகலாம், திரும்பி வரும்போது அதே இடத்தில் நிற்கும். ஆனால் நூல் விண்ணென்று இழுக்கிறது, அந்த இழுப்புக்கு ஏற்ற உயரம் ஏறுவதில்லை. பெல்லின் தோல்வியும் அதுதான். அத்தனை கூண்டும் காற்றைத் தடுக்கும். எஞ்சின் வைத்த அடுத்த சிக்னெட் எழும்பவே இல்லை. 1909 பிப்ரவரி 23 அன்று அதே ஏரியின் பனிமேலிருந்து அவர் குழுவின் சில்வர் டார்ட் பறந்தது. அது சாதாரண இரட்டை இறக்கை விமானம்.

14 ஜனவரி, இரவு 8.10

வல்வெட்டித்துறை நண்பர் போட்ட படங்களைப் பார்த்தேன். இன்றைக்கு அங்கே பட்டப்போட்டி. பெல் பார்த்திருந்தால் அங்கேயே வீடு வாங்கியிருப்பார். "முச்சை சரியாகக் கட்டினால் கட்டிலும் பறக்கும்" என்று எழுதியிருக்கிறார் (நம் சூத்திரம்தான் அங்கே முச்சை), ஒத்துக்கொள்கிறேன்.

அவர் படத்தில் இருக்கும் பெட்டிப்பட்டத்துக்குப் பெரிய பரம்பரை உண்டு. ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்க்ரேவ் என்பவர் 1893இல் உருவாக்கியது. 1894 நவம்பர் 12 அன்று ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில் நாலு பெட்டிப்பட்டத்தைக் கோத்து, கீழே இருக்கை தொங்கவிட்டு, தானே 16 அடி மேலே போனார். காப்புரிமையே வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதி வெளியிட்டார். பாரிஸில் சான்டோஸ்-டுமான்ட் அந்தப் பெட்டிகளை வரிசையாக ஒட்டித்தான் தன் '14 பிஸ்' விமானத்தைச் செய்தார். அது 220 மீட்டர் பறந்தது 1906 நவம்பர் 12 அன்று. சரியாகப் பன்னிரண்டு வருஷம், அதே தேதி. ஜோசியக்காரர்கள் யாரும் இதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

16 ஜனவரி, காலை 8.00

14 பிஸ் படத்தைப் போட்டு "இது பின்னோக்கிப் பறக்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்க அப்படித்தான் இருக்கும். வால் முன்னால், எஞ்சின் பின்னால். அவர் பிரம்புக் கூடையில் நின்றுகொண்டே ஓட்டினார். நவம்பரில் பக்கச் சாய்வைச் சரிசெய்ய இறக்கைக்குள் எண்கோணத் தட்டிகள் வைத்தார். இரண்டு கையும் வேறு வேலையில் இருந்ததால் அந்தத் தட்டிகளின் கம்பியை உடம்பில் மாட்டிய பட்டையோடு இணைத்துக்கொண்டார். ஆள் சாய்ந்தால் தட்டி அசையும்.

19 ஜனவரி, இரவு 11.25

எஞ்சின் பக்கமும் கொஞ்சம் போகலாம். விநோதம் என்றால் 1908 வாக்கில் பிரான்சின் செகேன் சகோதரர்கள் கொண்டுவந்த நோம் எஞ்சினுக்கு மிஞ்சி ஒன்று இல்லை. சாதாரண எஞ்சினில் சிலிண்டர் நிற்கும், தண்டு சுற்றும். இதில் தண்டைச் சட்டத்தில் இறுக்கிவிட்டு ஏழு சிலிண்டரையும் புரொப்பெல்லரோடு சேர்த்துச் சுற்றவிட்டார்கள். கேட்டால் பைத்தியக்காரத்தனம். ஆனால் சிலிண்டரே காற்றில் சுற்றுவதால் தானாகக் குளிரும், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வேண்டாம், சுழற்சியைச் சீராக வைக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலும் வேண்டாம். 50 குதிரைத்திறன், எடை 75 கிலோ. முதல் உலகப்போரில் இந்த வகை எஞ்சின்கள் வானத்தையே பிடித்துக்கொண்டன. (ஹார்க்ரேவ் 1889இலேயே அழுத்தக் காற்றில் சுற்றும் இதே மாதிரி ஒன்றைச் செய்திருந்தார். அந்த மனிதருக்கு எல்லாவற்றிலும் முதல் ஆளாக இருந்து பேர் வாங்காமல் போவதே வேலை.)

இதில் எண்ணெய் திரும்பி வராது. ஊற்றினால் எரிந்தும் எரியாமலும் வெளியே தெறித்துவிடும். பெட்ரோலில் கரையாத எண்ணெய் வேண்டும் என்று விளக்கெண்ணெய் போட்டார்கள். ஆமாம், நம் பாட்டி மாதம் ஒருமுறை மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே விளக்கெண்ணெய். ஓட்டுபவர் எஞ்சினுக்கு நேர் பின்னால் திறந்த இருக்கையில் உட்கார்ந்து அதன் புகையைச் சுவாசித்துக்கொண்டே பறப்பார். விளைவு என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கால விமானிகள் தரையிறங்கியதும் அவசரமாக ஓடியதற்கு வீரம் மட்டும் காரணம் இல்லை.

கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோமாடலிங் செய்தபோது எங்கள் குட்டி எஞ்சினுக்கும் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்போம். சட்டை, கைக்கடிகாரப் பட்டை, சைக்கிள் சீட்டு எல்லாம் பிசுபிசுக்கும். காய்ந்தால் மஞ்சளாக ஒரு கோந்து படியும், சீயக்காய் போட்டாலும் போகாது. அம்மா அந்தச் சட்டையைத் தனி வாளியில்தான் ஊறவைப்பார்.

23 ஜனவரி, மாலை 5.45

12ஆம் தேதி எழுதியதில் கட்டுப்பாடுதான் எல்லாம் என்கிற தொனி வந்திருக்கிறது. நாலைந்து நாளாக அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு, அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. ஓட்டுபவர் ஒவ்வொரு நொடியும் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டிய விமானம் எதற்கு, விமானம் தானாகவே நிமிர வேண்டாமா என்பது அவர்கள் கட்சி.

ஆஸ்திரியாவின் இகோ எட்ரிச் அந்தக் கட்சி. ஜாவாக் காட்டில் ஜனோனியா என்று ஒரு கொடி. அதன் விதைக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மெல்லிய சவ்வு, விரித்தால் ஒரு சாண் அளவில் இருக்கும். முருங்கை நெற்றை உடைத்தால் வரும் விதைக்குக் காகிதம் போல மூன்று சிறகு இருக்குமே, அது சுற்றிக்கொண்டு கிட்டத்திலேயே விழுந்துவிடும். ஜனோனியா விதை அப்படி இல்லாமல் சறுக்கிக்கொண்டே வெகுதூரம் போகும். ஓட்ட ஆளில்லை, வாலில்லை, கவிழாது. நுனிகள் பின்னோக்கி வளைந்து மேலே மடங்கியிருப்பதுதான் காரணம் என்று படித்த எட்ரிச் அதே வடிவில் இறக்கை செய்தார். அதற்கு ஒரு பறவை வாலும் சேர்த்து 1910இல் வந்ததுதான் டாவ்பே. கையை எடுத்தாலும் பறக்கும். ஆனால் தானாக நிமிர்கிற வண்டி, நாம் சாய்க்க நினைத்தாலும் அடம்பிடிக்கும், அதனால் திரும்புவது மந்தம். 1911 நவம்பர் 1 அன்று லிபியாவில் இத்தாலிய விமானி ஜூலியோ கவோட்டி ஒரு டாவ்பேயிலிருந்து கையால் குண்டுகளை எடுத்துப் போட்டார். விமானத்திலிருந்து போட்ட முதல் குண்டுகள் அவை.

இங்கிலாந்தில் ஜான் வில்லியம் டன். ராணுவ அதிகாரி. வாலே இல்லாமல், அம்புமுனை மாதிரிப் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை. 1907இல் ஸ்காட்லாந்தின் பிளேர் அதால் மலைப்பக்கம் போய் ரகசியமாகச் சோதித்தார்கள். 1910 டிசம்பர் 20, ஈஸ்ட்சர்ச். அவருடைய விமானம் பறந்துகொண்டிருக்கும்போது இரண்டு கையையும் கட்டுப்பாட்டுக் கம்பியிலிருந்து எடுத்து ஒரு காகிதத்தில் குறிப்பு எழுதினார். கீழே நின்று பார்த்தவர்களில் ஒருவர் ஆர்வில் ரைட். அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். கனடா ராணுவத்தின் முதல் விமானம் 1914இல் வாங்கிய டன் வகைதான்.

இன்றைய பயணிகள் விமானம் இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்கிறது. ரைட் பாணியில் ஓட்டுபவருக்கு மூன்று திசையிலும் கட்டுப்பாடு, எட்ரிச், டன் பாணியில் கொஞ்சம் சுயபுத்தி. ஆகவே 12ஆம் தேதிப் பதிவை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

24 ஜனவரி, காலை 9.10

மாக்சிம் பதிவுக்கு ஒரு வால்: பணம் தீர்ந்த பிறகு அவர் பொருட்காட்சிகளுக்கு ஒரு ராட்டினம் செய்து விற்றார். நடுக்கம்பம் சுற்றச் சுற்ற, தொங்கும் தொட்டில்கள் வெளிப்பக்கம் வீசிப் பறக்கும். 1904இல் பிளாக்பூல் கடற்கரைப் பூங்காவில் வைத்தது இன்னும் ஓடுகிறது. மூன்றரை டன் வண்டி பறக்காவிட்டாலும் மாக்சிம் பேரில் குழந்தைகள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பறக்கிறார்கள்.

27 ஜனவரி, இரவு 10.00

"மதராஸில் ஒன்றும் நடக்கவில்லையா?" நடந்தது. கோர்சிகா தீவிலிருந்து வந்து மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், பிரெஞ்சு விமானி ப்ளெரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து தாண்டிய செய்தி படித்துக் கிளர்ந்து, சிம்சன் கம்பெனியில் சொல்லி விமானம் கட்டினார். சிம்சன் அப்போது குதிரை வண்டி கட்டுவதில் பேர் போன இடம். மரத்தை வளைக்கவும் இழைக்கவும் தெரிந்த கைகள் அங்கேதான் இருந்தன, ஆகவே சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்தது. இதை விநோத வடிவம் என்று சொல்ல மாட்டேன், ஹோட்டல்காரர் விமானம் கட்டியதுதான் விநோதம்.

3 பிப்ரவரி, பிற்பகல் 1.15

கேள்வி கேட்டவர் விடாக்கொண்டர். "எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறீர்கள், நீங்களே தலையில் அடித்துக்கொள்ளும் ஒன்றையாவது சொல்லுங்கள்" என்கிறார். சரி. கப்ரோனி சி.ஏ. 60.

1921, இத்தாலி. ஜியான்னி கப்ரோனி போர்க்காலத்தில் நல்ல குண்டுவீச்சு விமானங்கள் செய்தவர், கத்துக்குட்டி இல்லை. நூறு பயணிகளை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. ஒரு படகுவீட்டின்மேல் மூன்றடுக்கு இறக்கையை முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று நிறுத்தினார். மொத்தம் ஒன்பது இறக்கை. 400 குதிரைத்திறன் லிபர்ட்டி எஞ்சின் எட்டு. வால் என்று தனியாக எதுவும் இல்லை. பயணிகள் அறைக்கு அகலமான கண்ணாடி ஜன்னல்கள்.

மாஜோரே ஏரியில் மார்ச் 2 அன்று கொஞ்சம் எழும்பியது. மார்ச் 4 அன்று 60 பயணிகளின் எடைக்குச் சமமாக மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. எழுந்தது, மூக்கு தூக்கியது, அப்புறம் மூக்குக் குத்தித் தண்ணீரில் உடைந்தது. மணல் மூட்டை நகர்ந்ததா, விமானி செம்ப்ரீனி சீக்கிரமாகத் தூக்கினாரா என்று இன்றுவரை வாதம் ஓடுகிறது. யாரும் சாகவில்லை.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. அவர் செய்த மூன்றடுக்கு குண்டுவீச்சு விமானம் நன்றாகப் பறந்தது, அதையே மூன்று மடங்கு ஆக்கினார். பெல் சின்னக் கூண்டுகளைச் சேர்த்த மாதிரி, இவர் பெரிய விமானங்களைச் சேர்த்தார். ஆனால் முன் இறக்கை கலக்கிவிட்ட காற்றில்தான் நடு இறக்கையும் பின் இறக்கையும் வேலை செய்ய வேண்டும் என்பது 1921இல் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பிலிப்ஸுக்குக் கொடுக்கிற சலுகையை இவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உடைந்ததில் மிஞ்சிய மிதவைகளும் முன்பகுதியின் அடித்துண்டும் ட்ரென்டோ ஊரில் கப்ரோனி அருங்காட்சியகத்தின் கணக்கில் இருக்கின்றன. இத்தாலிப் பக்கம் வேலையாகப் போகும் நண்பர்கள் யாராவது படம் எடுத்துப் போடுங்கள். மர இணைப்புகளைக் கிட்டத்தில் எடுங்கள், முழுப் படம் எல்லோரிடமும் இருக்கிறது.